இளமூச்சு – 9: முனகலை நிறுத்தாதீர்கள்

இதுவரை…

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் ஓரிரு நாளில் மூச்சுத் திணறி இறந்துபோவது ஏன் என்று 1959-ல் பாஸ்டனில் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் கண்டுபிடித்தார்கள். நுரையீரலின் உட்சுவரில் இருக்கவேண்டிய 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழவழப்பான பொருள் அந்தக் குழந்தைகளிடம் போதுமான அளவு இல்லை. காரணம் தெரிந்துவிட்டது. மருந்துதான் இல்லை. 1963 ஆகஸ்ட்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். 39 மணி நேரம் உயிரோடிருந்தான். அமெரிக்க அதிபராலும் அதற்கு மேல் தன் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் வாங்கித் தர முடியவில்லை.

அந்தக் காலத்தில்தான் வென்டிலேட்டர் வந்தது. டொரான்டோவில் மரியா டெலிவோரியா-பாபடோபூலஸ் அதைக்கொண்டு பச்சிளங்குழந்தைகளைப் பிழைக்கவைத்துக் காட்டினார். சந்தோஷம் நீடிக்கவில்லை. 1967-ல் ஸ்டான்ஃபோர்டின் கதிரியக்க மருத்துவர் வில்லியம் நார்த்வேயும் அவருடைய சகாக்களும் 32 குழந்தைகளின் கதையை வெளியிட்டார்கள். பிழைத்த பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் தழும்பேறிய, ஆங்காங்கே வீங்கிப்போன நுரையீரல் தெரிந்தது. இயந்திரத்தின் அழுத்தமும் அளவு மீறிய ஆக்சிஜனும் செய்த வேலை அது.

இயந்திரம் இல்லையென்றால் சாவு, இருந்தால் கெட்டுப்போன நுரையீரல். நடுவில் ஏதாவது வழி உண்டா?

★

வழி குழந்தையின் தொண்டையிலேயே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தை ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் 'ம்ம்… ம்ம்…' என்று முனகும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிழவிகள் 'புள்ள அனத்துது' என்பார்கள். மருத்துவர்களுக்கு அது நோய் முற்றுவதன் அடையாளம். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

குழந்தை ஏன் முனகுகிறது?

நாம் மூச்சை எவ்வளவு விட்டாலும் நுரையீரலின் காற்றுப்பைகளில் கொஞ்சம் காற்று தங்கிவிடும். பைகள் முழுதாகச் சுருங்குவதில்லை. சர்ஃபாக்டன்ட் இல்லாத நுரையீரலில் அப்படியல்ல. மூச்சை விட்டதும் பைகள் மூடி, சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் நனைந்த பாலித்தீன் கவரைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இது புரியும். அந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படி ஒட்டிய லட்சக்கணக்கான பைகளைப் பிரித்தாக வேண்டும். நிமிடத்துக்கு 60 தடவை, 70 தடவை. ஒரு கிலோ எடையுள்ள உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும்?

அதனால் குழந்தை தானாகவே ஒரு தந்திரம் செய்கிறது. மூச்சை விடும்போது குரல்வளையைப் பாதி மூடிக்கொள்கிறது. காற்று சட்டென்று வெளியேறாமல் உள்ளே சற்று அழுத்தத்தோடு நிற்கிறது. பைகள் ஒட்டுவதில்லை. இடுக்கு வழியாகக் காற்று உரசிக்கொண்டு வெளியேறும் சத்தம்தான் முனகல்.

1968-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹாரிசன், ஹீஸே, க்ளைன் என்ற மூன்று மருத்துவர்கள் இதை நிரூபித்தார்கள். முனகும் குழந்தையின் மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செருகினால் குரல்வளையால் மூட முடியாது. முனகல் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தை அமைதியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் சரிந்தது. குழாயை எடுத்ததும் முனகல் திரும்பியது, ஆக்சிஜனும் ஏறியது.

அதாவது, குழாய் போட்ட ஒவ்வொரு மருத்துவரும் குழந்தை தனக்குத்தானே செய்துகொண்டிருந்த வைத்தியத்தை முதலில் நிறுத்திவிட்டு, பிறகுதான் தம் வைத்தியத்தைத் தொடங்கியிருக்கிறார்.

★

சான் ஃபிரான்சிஸ்கோ. கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை.

ஜார்ஜ் கிரிகரி குழந்தை மருத்துவர் அல்ல, மயக்க மருந்து கொடுப்பவர். அழுத்தம், குழாய், வால்வு, காற்றின் ஓட்டம் ஆகியவைதான் அவருடைய அன்றாடம். கேப் டவுன் முனகலை அவர் வேறு விதமாகப் படித்தார். குழந்தை மூடித் திறக்கும் குரல்வளையின் வேலையை வெளியிலிருந்து நாம் செய்தால் என்ன?

வென்டிலேட்டர் குழந்தைக்காக மூச்சு விடுகிறது. காற்றை உள்ளே அடிக்கிறது, நிறுத்துகிறது, மறுபடி அடிக்கிறது. கிரிகரி அந்த அடியையே எடுத்துவிட்டார். குழந்தை தன் மூச்சைத் தானே விடட்டும். மூச்சின் கடைசியில் பைகள் மூடிவிடாதபடி, விடாமல் ஒரு சிறு அழுத்தம் மட்டும் தாங்கிப் பிடிக்கட்டும். இன்று உலகம் முழுக்க 'சிபாப்' என்று சொல்கிற முறை இதுதான்.

எதிர்ப்புக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. தொடர்ந்து அழுத்தம் கொடுத்தால் நெஞ்சுக்குள் ரத்த ஓட்டம் தடைபடாதா? மெல்லிய நுரையீரல் கிழியாதா? ஏற்கெனவே திணறும் குழந்தை அழுத்தத்தை எதிர்த்து மூச்சை விட வேண்டுமென்றால் இன்னும் களைத்துப்போகாதா?

20 குழந்தைகள். எல்லாமே கவலைக்கிடமானவை. 930 கிராம் முதல் 3,800 கிராம் வரை எடை. 18 குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் குழாய் வழியாக அழுத்தம். இரண்டு குழந்தைகளுக்குத் தலையைச் சுற்றி ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் அழுத்தம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியது. கொடுக்கும் ஆக்சிஜனை 12 மணி நேரத்துக்குள் கணிசமாகக் குறைக்க முடிந்தது. பயந்தபடி ரத்த அழுத்தம் விழவில்லை. மூச்சின் மொத்த அளவு குறைந்தும் கரியமில வாயு பெரிதாகச் சேரவில்லை.

16 குழந்தைகள் பிழைத்தன. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாக இருந்த பத்தில் ஏழு பிழைத்தன. 1971 ஜூன் 17 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது.

இந்த யோசனையில் எல்லாமே புதிதல்ல. 1936-லேயே லண்டனில் போல்டன் என்ற மருத்துவர் வேக்யூம் கிளீனரின் மோட்டாரைக் கொண்டு நுரையீரலில் நீர் கோத்த பெரியவர்களுக்கு இப்படி அழுத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மருத்துவ வரலாற்றில் ஒரு யோசனை தோன்றுவதற்கும் அதற்கான நோயாளி அமைவதற்கும் நடுவில் முப்பது நாற்பது வருடம் போவது சாதாரணம்.

★

அப்படியானால் 1971-க்குப் பிறகு உலகமே சிபாப்புக்கு மாறியிருக்க வேண்டுமே? மாறவில்லை.

ஆரம்பத்தில் ஆர்வம் இருந்தது. பச்சிளங்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன என்பதால் தொண்டைக்குள் குழாயே வேண்டாம், மூக்குத்துளையில் இரண்டு சிறு முனைகளைப் பொருத்தினால் போதும் என்று 1973-ல் கேட்விங்கல் குழுவினர் காட்டினார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தயாரித்த வென்டிலேட்டர்கள் சந்தைக்கு வந்தன. திருப்பும் குமிழ்கள், ஓடும் எண்கள், அலாரம். ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கையை அவை கொடுத்தன. மூக்கில் இரண்டு முனையோடு கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கு, தான் ஒன்றும் செய்யவில்லையோ என்ற பதைப்பு வந்துவிடும். மென்மையான முறை தோற்றதற்கு அந்தப் பதைப்பும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நியூயார்க்கில் ஒரே ஒருவர் பிடிவாதமாக நின்றார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் ஜென்-டியென் வங். அவருடைய கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். சூடாக்கி ஈரப்படுத்திய காற்று ஒரு குழாயில் வந்து, மூக்கு முனைகளைத் தொட்டு, இன்னொரு குழாய் வழியாக வெளியே போகும். அந்த வெளிக்குழாயின் நுனி ஒரு தண்ணீர் பாட்டிலில் முங்கியிருக்கும். நுனி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் குழந்தையின் நுரையீரலுக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். ஆறு வேண்டுமென்றால் குழாயை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்க வேண்டும். மீட்டர் இல்லை, வால்வு இல்லை, மின்னணுப் பலகை இல்லை. தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தால் போதும். குமிழி நின்றால் எங்கோ கசிகிறது, உடனே பார்க்க வேண்டும். இதுதான் பபுள் சிபாப்.

கருவி எளிது. அதை ஓட்டுவதுதான் கஷ்டம்.

மூக்கு முனை சரியான அளவில் இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் காற்று கசியும், பெரிதாக இருந்தால் மூக்குத்துளை புண்ணாகும். இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சதையில் முனை அழுந்தவே கூடாது. அழுந்தினால் சில நாளில் அந்தச் சதையே அரித்துப்போகும். குழந்தையின் தலைக்கு இறுக்கமாக ஒரு தொப்பி, அதில் இரு பக்கமும் குழாயைப் பிணைக்க வேண்டும். கழுத்துக்கு அடியில் சிறு துணிச்சுருள். மூக்கில் சளி கட்டாமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். வயிற்றில் காற்று சேர்ந்து உப்பாமல் இருக்க வாய் வழியாக ஒரு குழாய், அதன் வாய் திறந்தே இருக்க வேண்டும். குழந்தை அசைந்தால் முனை நழுவும், மறுபடி வைக்க வேண்டும். வங் இந்த ஒவ்வொன்றையும் தாமே கவனித்தார், செவிலியர்களுக்கும் அதையே பழக்கினார்.

★

1987.

கதையின் முதல் அத்தியாயத்தில் வந்த அதே மேரி எல்லன் ஏவரி மறுபடி வருகிறார். அமெரிக்காவின் எட்டு பெரிய மையங்களில் 700 முதல் 1,500 கிராம் எடையில் பிறந்த குழந்தைகளை அவரும் சகாக்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கேள்வி ஒன்றுதான்: பிறந்து 28 நாள் ஆன பிறகும் ஆக்சிஜன் தேவைப்படும் பிள்ளைகள் எங்கே அதிகம், எங்கே குறைவு?

எட்டில் மிகக் குறைவு கொலம்பியாவில். பாட்டில் வைத்திருந்தவர்களிடம்.

வென்டிலேட்டர் பக்தர்கள் உடனே மனம் மாறிவிடவில்லை. எட்டு மையங்களின் ஒப்பீடு பரிசோதனை ஆகாது, அங்கே வரும் தாய்மார்கள் வேறு, பழக்கங்கள் வேறு என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. இதற்கிடையே ஜப்பானில் ஃபுஜிவாரா 1980-ல் பத்து குழந்தைகளுக்கு சர்ஃபாக்டன்ட் மருந்தையே நுரையீரலுக்குள் விட்டு வெற்றி கண்டிருந்தார். மருந்தை உள்ளே விடக் குழாய் வேண்டும். குழாய் போட்டாயிற்று என்றால் வென்டிலேட்டரிலேயே வைத்துவிடலாம். நல்ல மருந்து ஒன்று வந்ததால் மென்மையான முறை இன்னும் இருபது வருடம் பின்னுக்குப் போனது.

திருப்பம் ஸ்வீடனிலிருந்து வந்தது. 1997-ல் பியார்க்லுண்ட் குழுவினர் குறைமாத ஆட்டுக்குட்டிகளுக்குப் பிறந்த உடனே காற்றடிக்கும் பையைக் கையால் அமுக்கிப் பெரிய மூச்சுகள் கொடுத்தார்கள். ஆறே ஆறு மூச்சு. ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. அந்தக் குட்டிகளுக்குப் பிறகு சர்ஃபாக்டன்ட் கொடுத்தபோது அது சரியாக வேலை செய்யவில்லை. நுரையீரலைக் கெடுக்க வாரக்கணக்கில் வென்டிலேட்டர் வேண்டாம், பிறந்த முதல் நிமிடத்தில் பயந்த ஒரு கை போதும்.

2008-ல் ஆஸ்திரேலியாவின் காலின் மார்லி தலைமையில் 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சிபாப், மறு பிரிவுக்கு உடனே குழாயும் வென்டிலேட்டரும். சாவிலோ நீடித்த நுரையீரல் நோயிலோ சிபாப் தோற்கவில்லை. வென்டிலேட்டரில் கிடந்த நாட்களும் குறைந்தன. ஆனால் சிபாப் பிரிவில் 9 சதவீதக் குழந்தைகளுக்கு நுரையீரலில் ஓட்டை விழுந்து நெஞ்சுக்குள் காற்று கசிந்தது. மறு பிரிவில் அது 3 சதவீதம். அழுத்தம் 8 சென்டிமீட்டரில் தொடங்கியது அதிகமோ என்ற விவாதம் நடந்தது. மென்மைக்கும் ஒரு அளவு இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் 1,316 குழந்தைகளிடம் நடந்த இன்னொரு பரிசோதனை வந்தபோது சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. பிறந்ததும் சிபாப், தேவைப்பட்டால் மட்டும் சர்ஃபாக்டன்ட் என்ற வழியை 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் கொலோன் நகரில் குழாய்க்குப் பதிலாக மெல்லிய வடிகுழாய் வழியே, குழந்தை சிபாப்பில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மருந்தை விடக் கற்றிருந்தார்கள்.

1971-லிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருடத்துக்கு மேல்.

★

நம் பக்கம் வருவோம்.

2020-ல் உலகில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டையும்விட அதிகம். இத்தனை குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் வாங்கிக் கட்டுப்படியாகாது. பாட்டிலும் குழாயும் கட்டுப்படியாகும்.

மாவட்ட மருத்துவமனையிலேயே பச்சிளங்குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு நடத்த முடியும் என்று மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003-ல் டாக்டர் அருண் சிங் காட்டினார். நம் அரசு மருத்துவமனைகளில் 'எஸ்.என்.சி.யு.' என்று பலகை தொங்கும் பிரிவுகளுக்கு அதுதான் முன்மாதிரி. பக்கத்து வங்கதேசத்தில் டாக்கா மருத்துவர் ஜொபாயர் சிஸ்டி ஷாம்பூ பாட்டிலை வைத்தே பபுள் சிபாப் கட்டினார். அது நிமோனியா வந்த சிறு குழந்தைகளுக்கு. 2015-ல் லான்செட் இதழில் வந்த அவருடைய பரிசோதனையில், வழக்கமான ஆக்சிஜன் பிரிவில் 15 சதவீதமாக இருந்த சாவு, ஷாம்பூ பாட்டில் பிரிவில் 4 சதவீதம்.

இன்று பல இந்தியப் பிரிவுகளில் குழந்தையின் மூக்கில் இருக்கும் மெல்லிய, நீளமான முனைக்கு 'ராம் கேனுலா' என்று பெயர். லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ரங்கசாமி ராமநாதனின் பெயரில் பாதி அதில் இருக்கிறது. மூக்கை அவ்வளவாகப் புண்ணாக்காது என்பதால் செவிலியர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நீளமும் கசிவும் காரணமாக, வைத்த அழுத்தம் முழுதாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்கிறார்கள். வசதிக்கும் துல்லியத்துக்கும் இடையிலான இந்த இழுபறி இன்னும் முடியவில்லை.

★

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி சாலையில் போனால் வரும் ஊர் கீழ்பென்னாத்தூர். மல்லாட்டையும் நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. அங்கே ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம் முடிவதற்குள் வலி எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏழு மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசப் பிள்ளைதான் பிழைக்காது என்று பெரியவர்கள் தைரியம் சொல்வார்கள். நுரையீரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் சர்ஃபாக்டன்ட் கூடும். எட்டு மாசப் பிள்ளைக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மென்மை அங்கேயே, பிரசவத்துக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி, 6 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் நான்கு. குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் இந்த ஊசியைக் கீழ்மட்ட மருத்துவமனைகளிலேயே தொடங்கச் சொல்லி 2014-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு ஊசி போட்டு அனுப்பினாலும் போட்ட வரை லாபம்.

பிறகு குழந்தை பிறக்கிறது, முனகுகிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த 108 வண்டி இந்தத் தூரத்தைச் சுருக்கிவிட்டது உண்மை. ஆனால் பௌர்ணமி கிரிவல இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் அண்ணாமலையார் ஊருக்குள் வண்டி நுழைவது எப்படி இருக்கும் என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும்.

அந்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் இந்த அத்தியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காற்றடிக்கும் ஆம்பு பையைப் படபடப்பில் ஓங்கி அமுக்கினால் ஸ்வீடன் ஆட்டுக்குட்டிகளின் ஆறு மூச்சு கீழ்பென்னாத்தூர் எல்லையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். ஆக்சிஜனை மட்டும் மூக்கருகே காட்டினால் ஒட்டிய பைகள் திறக்காது. பிறந்த அறையிலேயே டி-பீஸ் என்ற எளிய கருவியாலோ, ஒரு சிறு சிபாப்பாலோ அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, அதே பிடியில் வண்டியேற்றி, அதே பிடியில் வார்மரில் கிடத்த முடிந்தால், மாவட்டத் தலைநகரில் வென்டிலேட்டரைத் தேடவேண்டிய அவசியமே பல குழந்தைகளுக்கு வராது. இதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. ஒரு ஷிஃப்டில் எத்தனை குழந்தைக்கு ஒரு சிஸ்டர் என்ற கணக்குதான் தேவை. வங்கின் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள், அதில் பாதிக்கு மேல் கையால் செய்யும் வேலை. கருவி வாங்கும் செய்தி பத்திரிகையில் வருகிறது. இரவுப் பணிக்கு ஆள் போடும் செய்தி வருவதில்லை.

★

முனகலை எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். நம் எஸ்.என்.சி.யு.க்களில் சிபாப் தொடங்கலாமா என்று முடிவெடுக்க ஒரு மதிப்பெண் போடுவார்கள். நெஞ்சு உள்ளே இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகுகிறதா என்று ஐந்து அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு. சில்வர்மேன் மதிப்பெண் என்று பெயர். 1956-ல் அதை வகுத்த வில்லியம் சில்வர்மேன் பணியாற்றியதும் பின்னாளில் வங் பாட்டில் வைத்த அதே நியூயார்க் மருத்துவமனையில்தான்.

அந்த சில்வர்மேன் வாழ்நாள் முழுக்க வேறொரு விஷயத்தைப் பற்றித்தான் எச்சரித்துக்கொண்டிருந்தார். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும், வசதியான நாடுகளின் மிக நல்ல மருத்துவமனைகளில், மிகுந்த அக்கறையோடு கவனிக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் சுமார் பத்தாயிரம் பேர் பார்வையிழந்தார்கள். பின்தங்கிய மருத்துவமனைகளில் அது அவ்வளவாக இல்லை.

பபுள் சிபாப்பின் பாட்டிலில் குமிழியைப் பார்த்து அழுத்தத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். ஆனால் காற்றையும் ஆக்சிஜனையும் அளந்து கலக்கும் பிளெண்டர் இல்லாத இடத்தில், சிலிண்டரிலிருந்து நேராக வரும் குமிழிக்குள் இருப்பது எத்தனை சதவீத ஆக்சிஜன்? நுரையீரலைக் காப்பாற்றிய அந்தக் காற்று, இன்னும் வளர்ந்து முடியாத விழித்திரையை என்ன செய்யும்?

(அடுத்த வாரம் தொடரும்)